மணிமேகலையின் அச்சம்

மணிமேகலைக் காப்பியத்தைப் பற்றி நம்மவர் மேடைகளில் பேசுங்கால் அமுதசுரபியைப் பேசுவர், பசிப்பிணியைப் பேசுவர், புத்தர் அறத்தைப் பேசுவர். தன்னை ஒருவன் விடாது பின்தொடர்கிறான் என்னும் அச்சத்தோடு ஓர் இளம்பெண் நடத்தும் வாழ்வு அந்நூல் நெடுகிலும் ஊடாடி நிற்பதை எடுத்துரைப்போர் அரியர். இன்று அந்த அச்சத்திற்கு மலேசியச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. ஆகவே, நம் பழைய நூலையும் நம் புதிய கலைகளையும் அவ்வச்சத்தின் பக்கம் நின்று ஒருமுறை படித்துப் பார்த்தல் தகும் எனக் கருதுகிறோம்.

கதையை நினைவுகூர்வோம். பூக்கொய்யும் பொருட்டு மணிமேகலை சுதமதியுடன் உவவனம் செல்கிறாள். அவள் சென்ற வழியை எட்டிகுமரன் என்னும் வணிகன் வாயிலாக அறிந்த இளவரசன் உதயகுமரன் தேரைச் செலுத்திக்கொண்டு அங்கே வந்துவிடுகிறான். சுதமதி அவளைப் பளிக்கறைக்குள் விட்டு மறைக்கிறாள். அந்த மண்டபத்தின் இயல்பைச் சாத்தனார் கூறும் இடம் ஆழ்ந்து படிக்கத்தக்கது. உள்ளிருப்போர் உருவம் வெளியே தெரியும். அவர் குரல் வெளியே கேளாது. துரத்தப்படும் பெண்ணின் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டிய புலவர் தமிழில் உண்டோ? ஊரார் கண்ணுக்கெல்லாம் அவள் தெரிகிறாள். அவள் சொல் மட்டும் ஒருவர் செவிக்கும் எட்டுவதில்லை.

வாயில் காணாத உதயகுமரன் திரும்புகிறான். எனினும், அவள் பாட்டி சித்திராபதியைக் கொண்டு அவளை அடைவேன் என்று சொல்லியே போகிறான். பின்னர்ச் சித்திராபதி தானே வலியச் சென்று அவனைத் தூண்டிவிடுகிறாள். இங்கே புலவர் காட்டும் உலகியல் அறிவு வியப்புக்குரியது. துரத்துபவன் தனியே துரத்துவதில்லை. வழி சொல்ல ஓர் எட்டிகுமரனும் உசுப்பிவிட ஒரு சித்திராபதியும் அவனுக்கு வாய்த்துவிடுகின்றனர்.

பசித்தவர்க்குச் சோறிடும் பணியையும் மணிமேகலை தன் முகத்தோடு செய்ய இயலவில்லை. உதயகுமரனுக்கு அஞ்சிக் காயசண்டிகையின் உருவை மேற்கொள்கிறாள். அவ்வுருவிலேயே அரசனைக் கண்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். ஆனால் மாற்றுருவும் அவளைக் காக்கவில்லை. ஐயுற்ற உதயகுமரன் நள்ளிரவில் அம்பலத்திற்கு வருகிறான். தன் மனைவியை நாடி வந்தவன் என எண்ணிக் காஞ்சனன் அவனை வெட்டி வீழ்த்துகிறான். அரசன் தன் மகன் செய்தது குற்றமென ஒப்புகிறான். ஒப்பியும் என்ன? மணிமேகலையைக் காவலில் வைக்கச் சொல்கிறான்! சிறையை அறச்சாலையாக்கியவள் சிறைப்படுகிறாள். பின்னர் அரசமாதேவி அவளைத் தன்னிடம் கொணர்ந்து, பித்தேற்றவும் மானத்தைக் கெடுக்கவும் பட்டினியிட்டுக் கொல்லவும் முயல்கிறாள். துரத்தியவன் தாய்க்குத் துரத்தப்பட்டவளே குற்றவாளியாகத் தோன்றுகிறாள். “இவள் என்ன செய்தாளோ?” என்று இன்றும் கேட்கும் வாய்களை நாம் அறிவோமன்றோ?

ஒருசாரார் ஒரு தடை எழுப்புவர். மணிமேகலையின் நெஞ்சும் அவன்பாற் சென்றதாக நூலிலேயே இருக்கிறதே. முற்பிறப்பில் அவன் அவள் கணவன் இராகுலனாக இருந்தானே என்பர். உண்மைதான். அவள் அதைச் சுதமதியிடம் மறையாமல் சொல்லுமாறு அமைத்தது சாத்தனாரின் நேர்மை. ஆனால் அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. நெஞ்சு அசைந்தபோதும் வேண்டாமென முடிவு செய்யும் உரிமை அவளுடையது. இவ்வளவு தெளிந்த புலவர், துரத்தலுக்கு முற்பிறப்பைக் காரணமாக வைத்தது நூலின் தளர்ச்சி என்றே நாம் கருதுகிறோம். ஊழின்மேல் பழியைப் போட்டால் உதயகுமரன் செய்த குற்றம் பாதியாகிவிடுகிறது. மேலும், அவளைக் காக்கத் தெய்வமும் மந்திரமும் தேவைப்படுகின்றன. மந்திரம் அறியாத பெண் என்ன செய்வாள்?

நம் இலக்கணத்தார் இதில் ஏமாறவில்லை. தொல்காப்பியம் அகத்திணை ஏழனுள், ஒத்த அன்பின் ஐந்திணையை நடுவே வைத்துக் கைக்கிளையையும் பெருந்திணையையும் இரு ஓரங்களில் ஒதுக்கியது. மறுமொழி பெறாமலே ஒருவன் தானே பேசி இன்புறுவது கைக்கிளை. மடலேறுவதும், காமம் மிக்கு வன்மை செய்வதும் பெருந்திணை. ஒருவன் விரும்பினான் என்பதாலேயே அது காதலாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்கு வேண்டா.

நம் திரைப்படங்களோ இந்த வரம்பை அழித்துவிட்டன. 1999ஆம் ஆண்டின் ‘சேது’வில் கதைத்தலைவன் பெண்ணைக் கடத்திச் சென்று மிரட்டித் தன் காதலைச் சொல்கிறான்; பின்னர் அவளும் இசைகிறாள்; நாமும் கண்ணீர் விட்டோம். 2016 சூன் 24ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் ஓர் இளம் பொறியாளப் பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவன் எனக் காவல்துறை கைது செய்த இளைஞன், வழக்கு தீர்ப்பை எட்டுமுன்னரே சிறையில் மாண்டான். அவ்வாண்டு அக்டோபரிலேயே வெளிவந்த ‘ரெமோ’வில், மணம் பேசி முடித்த ஒரு பெண்ணை அடையத் தலைவன் செவிலியாக வேடமிட்டுத் தொடர்வது நகைச்சுவையாயிற்று. வேடம் பூண வேண்டியவள் துரத்தப்பட்டவள் என்று சாத்தனார் அறிந்திருந்தார். நாம் அவ்வேடத்தைத் துரத்துபவனுக்கே அணிவித்துக் கைதட்டினோம். 2012இன் ‘வழக்கு எண் 18/9’ போன்ற படங்கள் பெண்படும் பாட்டைக் காட்டத் துணிந்தன, அவை சிலவே.

இது சென்னைச் செய்தி என்று ஈப்போ அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. சுண்ணாம்புக்கல் குன்றடியில் உள்ள குனோங் ராபாட்டை எண்ணிப் பாருங்கள். வெளியூரார் அங்கே குகைக்கோயில் காணவும் ஹியோங் பியா பலகாரம் வாங்கவும் வருவர். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், பேராக்கின் நம் குடும்பங்கள் பல இத்தகைய புறநகர்களில் குடியேறின. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு முடிந்து தன் மரவரிசைக்குத் தனியே நடந்த பெண், பின்னே காலடி கேட்டால் யாரிடம் முறையிடுவாள்? வருபவன் தண்டலானால் வாய் திறக்கவே முடியாது. இன்று அவள் பேத்தி தொழிற்சாலை வண்டிக்காகச் சாலை முனையில் நிற்கிறாள். காலடி கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. அவள் வழியை மாற்றுகிறாள், எண்ணை மாற்றுகிறாள், இறுதியில் வேலையையே மாற்றுகிறாள். இவை யாவும் காயசண்டிகை உருவம் தாமே? வீட்டாரோ, “நீ வெளியே போகாதே” என்று அவளையே காவலில் வைக்கின்றனர். சோழ மன்னன் இட்ட ஆணையும் அதுவே.

2023 மே 31 முதல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு வேறு வழி காட்டுகிறது. பின்தொடர்தல், விடாது தொடர்புகொள்ள முயலுதல், வீட்டருகிலோ வேலையிடத்தருகிலோ சுற்றித் திரிதல், பொருள்களை அனுப்புதல் ஆகிய தொல்லைகள் இருமுறையேனும் நிகழ்ந்து, ஒருவருக்குத் தம் பாதுகாப்புக் குறித்து அச்சமோ மனவேதனையோ விளைவிக்கத்தக்கனவாயின், அது குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ கிடைக்கும். புலனாய்வு நடக்கும்போதே பாதுகாப்பு உத்தரவு பெறவும் வழியுண்டு. அவன் காதலித்தானா என்று இச்சட்டம் கேட்கவில்லை. ஆகவே சகோதரிகளே, நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். ஈப்போவிலேயே பேராக் மகளிருக்கான மகளிர் சங்கம் துணை நிற்கிறது.

சட்டம் தண்டிக்கும், சுவையைத் திருத்துவது எழுத்தாளர் கடன். நம் இளைஞர் எழுதும் காதற்கதைகளில் அவள் வேண்டாமென்ற சொல்லுக்குப் பின்னும் அவன் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்பானாயின், அவ்விடத்தில் கதையை நிறுத்தி, அவள் எந்த வழியாக வீடு போனாள் என்று எழுதிப் பார்க்கட்டும். பளிக்கறைக்குள் நின்றவளின் குரல் அப்போதாவது வெளியே கேட்கும்.