பேராக் அரசமரபில் அலெக்சாந்தரும் சோழனும்

பேராக் சுல்தான்கள் சோழர் வழிவந்தவர்கள் என்று எங்கள் காம்பார் பக்கம் நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். ஆனால் நாம் சொல்வது பாதிக் கதை. அதே வம்சாவளி சோழனுக்கும் மேலே ஏறி, மாசிடோனியாவின் அலெக்சாந்தரில் போய் முடிகிறது. கிரேக்கனைக் கதை என்று தள்ளிவிட்டுச் சோழனை மட்டும் வரலாறு என்று வைத்துக்கொள்ள நமக்கு என்ன ஆதாரம்?

இரண்டுக்கும் மூலம் செஜாரா மெலாயு. மலாக்கா 1511இல் போர்த்துகீசியர் கையில் விழுந்து நூறாண்டு கழிந்தபின், 1612 வாக்கில் ஜொகூர் அரசவையில் உருப்பெற்ற நூல் அது. அதில் இஸ்கந்தர் சுல்கர்னைன், அதாவது அலெக்சாந்தர், ஓர் இந்திய அரசன் மகளை மணக்கிறான். அந்த வழியில் வரும் ராஜா சூரானின் பிள்ளைகள் பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங்கில் தோன்றி மலாய் அரசர்களுக்கு முன்னோராகிறார்கள்.

அலெக்சாந்தர் கிளையைத் தள்ளுவது எளிது. அவர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்தார். மனைவி ரொக்சானாவுக்குப் பிறந்த மகனை, மாசிடோனியாவைப் பின்னர் ஆண்ட கசாண்டர் கொல்வித்தான். ஹெராக்ளிஸ் என்ற இன்னொரு மகனும் கி.மு. 309 வாக்கில் கொல்லப்பட்டான். அத்தோடு அந்த ஆண்வழி அற்றது.

சோழக் கிளையை அவ்வளவு விரைவாகத் தீர்க்க முடியாது. சூலான், சூலின், சூரான் என்று நூலில் வரும் பெயர்களில் சோழன் ஒலிக்கிறான். ராஜா சூரான் பேராக்கிலிருந்த கங்கா நகரத்தை அழித்ததாகக் கதை சொல்கிறது. அதை 1025இல் நடந்த இராசேந்திர சோழன் படையெடுப்போடு சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். ஆனால் அந்தப் படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டு ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், தக்கோலம், கடாரம் எனப் பதின்மூன்று இடங்களை அடுக்குகிறது. கங்கா நகரம் அந்தப் பட்டியலில் இல்லை. கங்கா நகரம் இருந்ததாகக் கருதப்படும் புருவாஸ் பக்கம் நின்று பெருமை பேசுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய தடை நூலுக்குள்ளேயே இருக்கிறது. ராஜா சூரான் கண்ணாடிப் பெட்டியில் ஏறிக் கடலடிக்கு இறங்குகிறான். அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். புக்கிட் சிகுந்தாங்குக்கு வரும் மூவரும் அவள் வயிற்றுப் பிள்ளைகள். கண்ணாடிக் கலத்தில் கடலுக்குள் இறங்குவது பழைய அலெக்சாந்தர் கதைகளில் அலெக்சாந்தரே செய்த செயல். நூலாசிரியர் அதை எடுத்துச் சோழனுக்குக் கொடுத்திருக்கிறார். சோழனையும் மலாய் அரசர்களையும் இணைக்கும் ஒரே கண்ணி அந்தக் கடலடித் திருமணம். இரத்த உறவுக்குச் சான்றாக அதை எந்த ஆய்வாளரும் ஏற்க முடியாது.

பேராக் அரசு 1528இல் மலாக்காவின் கடைசிச் சுல்தான் மகமூத் ஷாவின் மகனால் தொடங்கியது. சுமாத்திராவின் அச்சே அரசு பேராக்கின்மீது செலுத்திய ஆதிக்கத்தில் அந்த ஆண்வழியும் நிலைக்கவில்லை. 1636இல் அரியணை ஏறிய இரண்டாம் முசாபர் ஷா சுமாத்திராவின் சியாக் அரசகுடும்பத்தவர், பேராக்கோடு அவருக்கிருந்த உறவு பெண்வழி. ஆகவே நேர்கோட்டு ஆண்வழி என்ற பேச்சு மலாக்கா வரைக்கும்கூடச் செல்லாது.

இத்தனையும் கழித்தபின் ஒன்று மிஞ்சுகிறது, அதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பேராக்கை ஆண்ட சுல்தானின் பெயர் இஸ்கந்தர் சுல்கர்னைன். அவர் ஆட்சியைப் பாடிய மிசா மெலாயு என்ற நூலை எழுதிய அரச குடும்பத்தவர் பெயர் ராஜா சூலான். சோழர் படை வந்துபோய் எழுநூறு ஆண்டு கழிந்த ஓர் இசுலாமிய அரசவை, தன் பிள்ளைக்குச் சோழன் பெயரை விரும்பி வைத்திருக்கிறது. படையெடுத்து வந்தவனைப் பகைவனாக நினைத்த குடும்பம் அப்படிச் செய்யாது. தம் அரசு பெரியது என்று உலகுக்குக் காட்ட அவர்களுக்கு அலெக்சாந்தர் எவ்வளவு தேவைப்பட்டாரோ, சோழனும் அவ்வளவு தேவைப்பட்டான்.

என் தீர்ப்பு இதுதான்: சோழ இரத்தம் என்ற உரிமைக்கோரல் அலெக்சாந்தர் இரத்தத்தைப் போலவே தள்ளுபடி. மலாய் அரசவை சோழனைத் தன் முன்னோனாகத் தானே தேர்ந்துகொண்டது என்பது உறுதி. நம் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் பேசவேண்டியது இந்த இரண்டாவதைத்தான்; அதற்குப் பெயர்களும் நூல்களும் சாட்சியாக இருக்கின்றன.