வெண்குழம்பும் கல்லுப்பும்

நடு ஜாவாவில் நோன்புப் பெருநாளுக்குச் சமைக்கப்படும் ஓபோர் ஆயாம் என்னும் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பின் வெண்ணிற வகையில் மிளகாயோ புளியோ மஞ்சளோ சேர்வதில்லை என்பதால், உப்பின் தவற்றை மறைக்கக்கூடிய வலிய சுவை எதுவும் அதில் இல்லை. இனிப்புச் சோயாச் சாற்றில் வேகும் செமூரும், மிளகாய் அரைத்துவிட்ட சுமத்திராவின் குலாயும் மட்டமான உப்பைப் பொறுத்துக்கொள்ளும்; ஓபோர் பொறுக்காது. மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் இந்தோனேசியக் குழம்பு ஒன்றை வீட்டில் சமைக்க முனைவோர் இதைத் தேர்வதே முறை. குலாய்தான் தமிழ் நாவுக்கு நெருக்கமானது என்று வாதிடுவோர், நெருக்கமானதைச் சமைக்க அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமாக ஆய்வாளர் பலர் கருதும் மரக்காணத்தில், வெயிலும் காற்றும் பாத்திகளில் விளைவிக்கும் உப்பு, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை வாரப்படுகிறது. உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது, உணவு உப்பான சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. ஜிப்சத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே அடியில் தங்கிவிடும். நீரை ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் உடன் படிந்து கல்லில் கசப்பேறும் என்பதால், எஞ்சிய கசப்புநீரை எப்போது வடித்துவிடுவது என்பதில்தான் உப்பளத்தாரின் தேர்ச்சி அடங்கியிருக்கிறது. குவியலில் சில காலம் கிடந்து, ஈரத்தை இழுத்துக் கசியும் மக்னீசியம் குளோரைடு பெருமளவு வடிந்துபோன பழைய உப்பே ஓபோருக்கு உரியது. புது உப்பின் பளிச்சென்ற வெண்மை கண்ணுக்கு மட்டுமே விருந்து. ஜாவாவை ஒட்டிய மதுரா தீவும் வெயிலில் உப்பு விளைவிப்பதற்குப் பேர்போனது என்பதால், மரக்காணத்து உப்பு இக்குழம்புக்கு முற்றிலும் அயலானதன்று.

கல்லுப்பை அப்படியே குழம்பில் எறியாமல், வெந்நீரில் கரைத்து, மண் தங்கியபின் தெளிவை வடிகட்டி, இரண்டு தவணையாக ஊற்றவேண்டும். நாட்டுக்கோழி இரண்டாம் பாலில் வேகும்போது பாதியும், முதற்பால் சேர்த்து இறக்கும் தறுவாயில், சுண்டிய குழம்பை நாவில் வைத்துப் பார்த்தபின் தேவையான அளவு மீதியும் சேர வேண்டும். முதலிலேயே முழுவதையும் கொட்டியவர் சுண்டச் சுண்டக் கரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சின்ன வெங்காயம், பூண்டு, வெண்மிளகு, சீரகம் ஆகியவற்றுடன் அவற்றை விஞ்சும் அளவில் கொத்தமல்லி விதை அரைபடும். அது ஜாவாவுக்குக் கடல்வழி வணிகத்தில் வந்த பொருள். சுமத்திராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைப் பேசுவதால், அவ்வணிகத்தில் தமிழருக்கும் பங்கிருந்திருக்கலாம். இந்தோனேசியாவில் லெங்குவாஸ் எனப்படும் பேரரத்தை இங்கே நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாகக் கிடைக்கும்; அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் போதும். கெமிரி என்னும் எண்ணெய்க் கொட்டைக்கு மாற்றாக முந்திரி தாராளமாக உதவும். நாவல் மரத்தின் இனத்தைச் சேர்ந்த சாலாம் இலைக்குப் பதிலாகப் பிரிஞ்சி இலையைப் போடச் சொல்லும் வழக்கம் மட்டும் ஏற்கத்தக்கதன்று. இரண்டின் மணமும் வேறு, இல்லாததை இல்லாமலே விடுவது மேல்.

மஞ்சள் சேர்த்த ஓபோரும் ஜாவாவில் உண்டு, அதை விரும்புவோரைக் குறைசொல்ல இயலாது. ஆயினும் நிறத்துக்காகச் சேர்த்த மஞ்சள் அரத்தையின் மென்மையான காரத்தை அமுக்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய சரிவு பொட்டலத் தேங்காய்ப்பாலால் வந்தது. முதற்பால், இரண்டாம் பால் என்ற வேறுபாடே அதில் இல்லாததால், எதை வேகவைக்க, எதை முடிக்க என்று சமைப்பவருக்குத் தெரிவதில்லை. பண்ணைக்கோழியோ குழம்புக்குச் சுவை இறங்குமுன்பே கரைந்துவிடுகிறது. தூளுப்பின் மீது இந்த அளவு குறைசொல்ல முடியாது, ஏனெனில் அயோடின் சேர்ப்பது கழலை நோயைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது.

ஓபோருக்குத் துணையாக ஜாவாவில் தென்னங்குருத்துக் கூட்டில் வெந்த கெத்துப்பட் என்னும் சோற்றுக்கட்டி வைக்கப்படும். குருத்துப் பின்னத் தெரியாதவர்கள் இடியாப்பத்தை நாடுகிறார்கள். அது குழம்பை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடுவதால் பொருத்தமற்றது. அரிசியை வாழையிலையில் இறுகச் சுருட்டி வேகவைக்கும் லொந்தோங் எளிது, மரக்காணத்தில் வாழையிலைக்கும் பஞ்சமில்லை. அதை நன்கு ஆறவிட்டு வெட்டுவது மட்டும் கட்டாயம்.