76-க்கும் 77-க்கும் நடுவே

சினாப்டோபிரெவின் என்று ஒரு சின்னப் புரதம். 116 அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சரம். நரம்புச் செல்லின் நுனியில், சேதிப் பொருளை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகளின் மேல் இது முளைத்து நிற்கிறது. டெட்டனஸ் கிருமியின் நச்சு இந்தச் சரத்தை ஒரே இடத்தில் வெட்டுகிறது. 76-ஆவதாக உள்ள குளூட்டமினுக்கும் 77-ஆவதாக உள்ள ஃபினைல் அலனினுக்கும் நடுவே. ஒரு கண்ணி முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இந்த நச்சோ சினாப்டோபிரெவினையும் அதன் நெருங்கிய உறவுகளையும் தேடிப்போய் அந்த ஒரு பிணைப்பை அறுக்கிறது. மற்ற எதன்மேலும் அதற்கு நாட்டமில்லை.

இத்தனை குறுகலான குறி வேறெந்தக் கருவிக்கும் வாய்ப்பது அரிது. எனக்கு இது ஒரு கைத்தொழில் நேர்த்தியாகவே படுகிறது.

இதைவிட வியப்பு அடுத்து வருகிறது. கெட்டுப்போன உணவில் விளையும் பாட்டுலினம் நச்சில் பல வகைகள் உண்டு. அவற்றில் ‘பி’ வகையும் வெட்டுவது இதே 76-77 பிணைப்பைத்தான். கத்தரியும் ஒன்று, வெட்டும் ஒன்று. நோய்களோ நேர் எதிர். டெட்டனஸில் தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது, தசைகள் இழுத்த இழுப்பில் நிற்கின்றன. பாட்டுலினத்தில் இமை தொங்குகிறது, குரல் போகிறது, கைகால் துவள்கிறது, மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடுகிறது. வேறுபாடு வெட்டில் இல்லை, வெட்டும் இடம் எந்த ஊரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பாட்டுலினம் தசையைத் தொடும் நரம்பு நுனியிலேயே தங்கி, ‘சுருங்கு’ என்ற சேதியை வெளியே விடாமல் செய்கிறது. டெட்டனஸ் நச்சு அங்கே தங்குவதில்லை. அதே நரம்பின் வழியாகத் தண்டுவடம்வரை ஏறிப்போகிறது. அங்கே பக்கத்து நரம்புச் செல்லுக்குத் தாவுகிறது. அந்தச் செல்லின் வேலை ‘போதும், அடங்கு’ என்று சொல்வது. அந்தச் சேதி அறுபட்டால் தசைக்கு அடங்கத் தெரியாது.

இந்த நச்சால் செத்தவர்களை மறந்துவிட்டு இதன் அழகைப் பேசக் கூடாது. தொப்புள்கொடியைத் துருப்பிடித்த பிளேடால் அறுத்ததால் போன பச்சிளங்குழந்தைகள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. கர்ப்பிணிகளுக்குப் போட்ட ஊசியும் சுத்தமான பிரசவமும்தான் அதைக் குறைத்தன. பிரசவத்தை ஒட்டி வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல்தான் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அந்தத் துயரத்துக்குக் காரணமான அதே மூலக்கூறு ஆய்வகத்தில் வேறொரு கேள்விக்கு விடை சொன்னது. நரம்பு எப்படிப் பேசுகிறது என்பதே அந்தக் கேள்வி.

1992-இல் இத்தாலியின் பதுவா நகரத்தில் ஜாம்பியெத்ரோ ஸ்கியாவோ, செசாரே மோந்தெகுக்கோ ஆகியோர் அடங்கிய குழு இந்த வெட்டைக் கண்டுபிடித்தது. அந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். நச்சு இரண்டு சங்கிலிகளால் ஆனது. கனமானது ஒன்று, இலேசானது ஒன்று. இரண்டையும் ஒரே ஒரு கந்தகப் பாலம் பிடித்திருக்கிறது. பாலம் அறும்வரை கத்தி உறைக்குள் கிடக்கிறது, எதையும் வெட்டாது. அறுந்த பிறகு, ஒரு துத்தநாக அணுவை மடியில் வைத்திருக்கும் இலேசான சங்கிலி வெட்டத் தொடங்குகிறது. சரி, அது வெட்டுவது இந்த இடத்தைத்தான் என்பதற்கு என்ன சாட்சி? எலியிடம் சினாப்டோபிரெவின் இரண்டு வடிவில் உண்டு. ஒன்றில் 76-ஆவது குளூட்டமின், அது வெட்டுப்படுகிறது. இன்னொன்றில் அந்த இடத்தில் வாலின் உட்கார்ந்திருக்கிறது, வெட்டுப்படவில்லை. ஒரு எழுத்து மாறினால் கத்தி திரும்பிப் போய்விடுகிறது!

அதோடு அவர்கள் விடவில்லை. கடல் முயல் என்ற நத்தைக் குடும்பத்துப் பிராணியின் பெரிய நரம்புச் செல்லுக்குள் நச்சைச் செலுத்தினால் சேதி நின்றுவிடும். அதனுடன் வெட்டுப்படும் இடத்தின் சிறு துண்டுகளையும் சேர்த்துச் செலுத்தினார்கள். கத்திக்கு முன்னால் பொய்க் கழுத்துகளை நீட்டியதுபோல. சேதி நிற்பது வெகுவாகத் தள்ளிப்போனது. நச்சு பொய்க் கழுத்துகளை அறுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நரம்பு பேசிக்கொண்டிருந்தது. சினாப்டோபிரெவின் இல்லாமல் நரம்புக்குப் பேச்சில்லை என்பது இப்படித்தான் கைக்குக் கிடைத்தது.

அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதைக் கயிறு திரிப்பவரைப் பார்த்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். நுண்பையிலிருந்து சினாப்டோபிரெவின் ஒரு புரி. செல் சவ்விலிருந்து சின்டாக்சின் ஒரு புரி. ஸ்னாப்-25 என்ற புரதம் இரண்டு புரிகளைக் கொடுக்கிறது. நாலும் ஒரு முனையிலிருந்து முறுக்கிக்கொண்டே வர, நுண்பை சவ்வை நோக்கி இழுபடுகிறது. கடைசி முறுக்கு இறுகும்போது இரண்டும் ஒட்டி, உள்ளே இருந்த சேதிப் பொருள் வெளியே கொட்டுகிறது.

இங்கேதான் பாட்டுலினத்தின் ‘ஏ’, ‘இ’ வகைகள் என்னை நிறுத்திவைக்கின்றன. இரண்டும் ஸ்னாப்-25-ஐ வெட்டுபவை. அதன் நீளம் 206. ‘ஏ’ 197-க்குப் பிறகு வெட்டுகிறது. வாலில் வெறும் 9 கண்ணிகள் போகின்றன. ‘இ’ 180-க்குப் பிறகு வெட்டுகிறது, 26 போகின்றன. முகச் சுருக்கத்துக்கும் மாறுகண்ணுக்கும் ஊசியாகப் போடுகிற போடாக்ஸ் இந்த ‘ஏ’தான். ஒன்பதே கண்ணிகள் போனதற்கு நரம்பு வாயடைத்துப் போகிறது என்றால், கயிற்றின் கடைசி முறுக்கில்தான் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். ‘ஏ’ வெட்டிய நரம்பில் கால்சியத்தை ஏற்றிக் கொடுத்தால் சேதி கொஞ்சம் திரும்பி வருகிறது. ‘இ’ வெட்டியதில் வருவதில்லை. இரண்டு வெட்டுகளுக்கும் நடுவே 17 கண்ணிகள். அந்தப் பதினேழுக்கு என்ன பொறுப்பு என்று கேட்க ஆய்வாளர்களிடம் இயற்கை ஒரே புரதத்துக்கு இரண்டு கத்திகளைத் தந்திருக்கிறது. மனிதர் யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்குமா என்று தெரியவில்லை.

‘ஏ’ வகை நரம்புக்குள் நுழையும் விதமும் சொல்லத்தக்கது. அது பற்றிக்கொள்ளும் எஸ்வி2 என்ற புரதத்தின் பிடி, நுண்பையின் உள்பக்கம் இருக்கிறது. நரம்பு பேசும் கணத்தில், நுண்பை திறந்து உள்பக்கம் வெளியே தெரியும்போது மட்டும் அது அகப்படுகிறது. ஆகவே அதிகம் உழைக்கும் நரம்பையே நச்சு அதிகமாகப் பிடிக்கிறது. தான் அடைக்கப்போகும் கதவு திறக்கும்போதே அதற்குள் போய்விடுகிறது.

இத்தனை நுட்பமும் நச்சு தூய்மையாக இருந்தால்தான் கைக்கு வரும். கிருமியையும் நச்சையும் பிரித்துப் பார்க்கும் யோசனைக்கு நம் நாட்டிலேயே ஓர் அருமையான சாட்சி உண்டு. 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்தத் தெளிவை முயலின் குடலில் இரு பக்கமும் கட்டிய ஒரு துண்டுக்குள் விட்டார். குடல் நீரால் புடைத்தது. குற்றவாளி கிருமியின் உடம்பு அல்ல, அது கக்கிய நச்சு. பத்தாண்டுகளில் அந்த நச்சு தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் தூய்மை ஒரு நாளில் முடியும் வேலையல்ல. கிருமியின் உறையிலிருந்து துளி எண்டோடாக்சின் கலந்துவிட்டாலும் செல் அதற்கே பதில் சொல்லும், நம் கேள்விக்கு அல்ல. கக்குவான் நச்சில் இன்னொரு சங்கடம். அதன் ஒட்டும் பகுதி தனியாகவே வெள்ளணுக்களைத் தூண்டிவிடும். கவனமுள்ளவர்கள் அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு கிண்ணத்தில் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கூடுதல் கிண்ணத்தைக் கண்டால் ஆய்வாளர்மேல் எனக்கு மதிப்பு கூடும்.

கக்குவான் நச்சு வெட்டுவதில்லை, முத்திரை குத்துகிறது. ஜப்பானில் மிச்சியோ உயியும் தொஷியாகி கதாடாவும் அதை முதலில் எலியின் இன்சுலின் சுரப்பைக் கூட்டும் பொருளாகத்தான் ஆராய்ந்தார்கள். பிறகு, கதிரியக்கக் குறியிட்ட மூலப்பொருளோடு செல் சவ்வைச் சேர்த்துப் பார்த்தபோது 41,000 மூலக்கூறு எடையுள்ள ஒரு புரதத்தில் அந்த முத்திரை விழுந்திருந்தது. அதுதான் ‘ஜி-ஐ’. வெளியிலிருந்து வரும் ‘நிறுத்து’ என்ற சேதியை உள்ளே கொண்டுபோகும் ஆள். முத்திரை விழும் இடம் அதன் வால் நுனியிலிருந்து நான்காவதாக உள்ள சிஸ்டீன். சேதியை வெளியிலிருந்து பெறும் புரதமான ‘வாங்கி’ அதைக் கைமாற்றும் இடமும் அந்த வால்தான். அங்கே முத்திரை விழுந்ததும் கைமாற்றம் நின்றுபோகிறது. காலரா நச்சு அதே முத்திரையைத்தான் ‘ஜி-எஸ்’ என்ற உறவுக்காரப் புரதத்தின் 201-ஆவது ஆர்ஜினினில் குத்துகிறது. அந்த இடம் விளக்கை அணைக்கும் விசை. அது செத்ததும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, குடல் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

மார்பீன் வலியை அடக்குவது எந்த வழியில் என்று தெரிய வேண்டுமா? கக்குவான் நச்சை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். மார்பீனின் வேலை நின்றுபோனால் சேதி ‘ஜி-ஐ’ குடும்பத்தின் வழியாகப் போயிருக்கிறது. அந்தக் குடும்பத்திலேயே ‘ஜி-இசட்’ என்று ஒருவர் உண்டு. வால் நுனியிலிருந்து எண்ணினால் நான்காவது இடத்தில் அவருக்குச் சிஸ்டீன் இல்லை. நச்சு அவரைத் தொடாமல் கடந்துபோகிறது.