தேருக்குப் போன ஒட்டுத்தையல்

தமிழ்நாட்டில் குவில்ட் மரபு உண்டா என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வங்காளத்துக்குக் காந்தா, பீகாருக்குச் சுஜனி, மராட்டியத்துக்குக் கோதடி, கன்னட நாட்டுக்குக் கவுதி, சிந்துவுக்கும் ராஜஸ்தானுக்கும் ரல்லி என்று இருக்கிறது. நமக்கு இருப்பவை பத்தமடைப் பாயும் பவானி ஜமுக்காளமும். பாயை விரித்து, பழைய வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஊரில் மூன்றடுக்குப் போர்வைக்கு என்ன வேலை? செஞ்சிப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்கக் கக்குகிற சித்திரை மாதத்தில், பஞ்சு வைத்துத் தைத்த ரஜாயின் பெயரை எடுப்பதே பாவம்.

ஆனாலும் அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்து உருவம் எழுப்புகிற வேலை நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அது வீட்டுக்குள் வந்து படுக்கையில் உட்காரவில்லை, தேரில் ஏறிக்கொண்டது. ஓய்வு நேரத்தில் குவில்ட் தைக்கத் தொடங்கியிருக்கும் நம் பெண்களும் (ஆண்களும் இருக்கிறார்கள்) வடிவத்துக்காக அமெரிக்கப் புத்தகங்களைப் புரட்டும் முன்னால், தலையை நிமிர்த்தித் தேரைப் பார்ப்பது நல்லது என்பதே என் கட்சி.

செஞ்சியை அடுத்த மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அதற்கு வசதியான நாள் மாசிப் பெருவிழா. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளை, அடுத்துத் தீமிதி, ஏழாம் நாள் தேர். அங்காளம்மனின் தேருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெரிய கோயில்களில் போலப் பரம்பரையாக நிற்கும் தேர் இல்லை இது. ஆண்டுதோறும் பச்சை மரம் வெட்டி வந்து புதிதாகக் கட்டுகிறார்கள். அம்மனின் உக்கிரம் தணியத் தேவர்களே தேரின் உறுப்புகளாக வந்து அமைந்தார்கள் என்பது தலக்கதை. நிலையான தேரோ புதுத்தேரோ, பொதுவாகத் தமிழ்நாட்டுத் தேரில் மரவேலை ஒரு அளவோடு நின்றுவிடும். அதற்குமேல் கட்டையும் மூங்கிலும் கயிறும் துணியும்தான். திருவாரூர் ஆழித்தேரின் மரப்பகுதி ஏறத்தாழ 30 அடி. அலங்காரம் முடிந்து கிளம்பும்போது 96 அடி. மீதி உயரம் எல்லாம் மூங்கிலும் துணியும் சேர்ந்து எழுப்பியது. நாம் தச்சரைப் பற்றி எழுதுகிறோம், சிற்பியைப் பற்றி எழுதுகிறோம், துணி தைத்தவரை மறந்துவிடுகிறோம்.

அந்தத் துணிவேலையில் தலையாயது தொம்பை. உள்ளே வளையம் வைத்து, உருளையாகத் தைத்து, தேரின் மூலைகளிலும் மண்டபத்திலும் தொங்கவிடுவது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைகள் இதில் பேர் போனவை. பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை எப்படி நடந்திருக்கிறது என்று தெரியும். அடித்துணி பெரும்பாலும் சிவப்பு. அதன்மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துண்டுகளில் தாமரை, அன்னம், மயில், யாளி. துணியை இரண்டாக மடித்து வெட்டுவதால் இடமும் வலமும் பிசகாமல் வரும். உருவத்தின் விளிம்பில் நூல்கயிறு ஒன்றைப் பதித்துத் தைத்துக்கொண்டே போவார்கள். இந்தக் கயிறு இரண்டு வேலை செய்கிறது. வெட்டிய ஓரத்தின் பிசிறை மறைக்கிறது. கீழே நிற்பவர் கண்ணுக்கு உருவத்தின் கோட்டை எடுத்துக் கொடுக்கிறது. யாளியின் கண்ணை வெள்ளை வட்டத்தில் கறுப்பு வட்டமாக, முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிதாக வைத்திருப்பார்கள். கையில் வைத்துப் பார்த்தால் கோமாளித்தனமாக இருக்கும். தேரில் ஏற்றிவிட்டால் அந்தக் கண் தெருக்கோடிவரை முறைக்கும்.

தொம்பையின் தரத்தை இங்கிருந்துதான் அளக்க வேண்டும். அண்ணாந்து பார்க்கிற, ஆடிக்கொண்டே நகர்கிற, காற்றிலும் புழுதியிலும் அடிபடுகிற துணி அது. அதில் நுணுக்கம் குற்றம். பெரிய உருவம், முட்டி மோதும் நிறம், அழுத்தமான விளிம்பு ஆகியவையே இலக்கணம். உருளையாக வளைக்கும் மூட்டுத்தையல் அன்னத்தின் கழுத்தில் வந்து விழக்கூடாது. மேல்துணியும் அடித்துணியும் ஒரே இழைப்போக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மழைத்தூறலில் ஒன்று சுருங்கி, மற்றது உப்பிக்கொண்டு நிற்கும். இப்போது சந்தைக்கு வரும் பாலியெஸ்டர் சாட்டின் தொம்பைகளில் கயிற்றுக்குப் பதில் பளபள ஜரிகை நாடாவைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வாங்கிய வருஷம் கண்ணைப் பறிக்கும். இரண்டாம் வருஷம் நாடா தனியாகத் தொங்கும். மலிவு என்பதைத் தவிர இதற்குச் சொல்ல ஒரு நியாயமும் இல்லை.

தைத்த தொம்பைக்குப் பங்காளியாக எழுதிய தொம்பையும் உண்டு. சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் கலம்காரிக்காரர்கள் மூங்கில் எழுதுகோலால் வரைந்த விதானங்களும் தொம்பைகளும் கோயிலுக்குப் போகிறவைதான். கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. எழுதியது நிழலில், மண்டபத்துக்குள் நின்று நிதானமாகப் பார்க்க. தைத்தது வெயிலில் பார்க்க. இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை வீண்.

தேர்த்துணி மரபில் நமக்கு நெருங்கிய உறவு ஒடிசாவில் இருக்கிறது. பூரி ஜகந்நாதரின் மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுபவை. மேல்மலையனூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஜகந்நாதரின் நந்திகோஷத்துக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரரின் தாளத்துவஜத்துக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரையின் தர்ப்பதலனத்துக்குச் சிவப்பும் கறுப்பும் என்று துணியின் நிறமே தேரின் அடையாளம். பூரிக்குப் போகும் வழியில் இருக்கிற பிப்பிலி, இந்த ஒட்டுத்தையலை விதானமாகவும் குடையாகவும் விளக்குக்கூடாகவும் மாற்றி ஊருக்கே பிழைப்பாக்கிக்கொண்டது. கடைத்தெரு முழுக்க அதே வேலைதான். நம் தொம்பைக்காரர்களுக்கு அப்படி ஒரு கடைத்தெரு வாய்க்கவில்லை. கோயில் கேட்டால் தைப்பார்கள், கேட்காவிட்டால் வேறு தையலுக்குப் போவார்கள்.

இனி, உண்மையாகவே போர்த்திக்கொள்ளும் மரபுகளுக்கு வருவோம். காந்தாவைப் பற்றித் தமிழிலேயே நிறைய எழுதியாயிற்று. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓடுதையல் போட்டு, நடுவில் தாமரையும் மூலைகளில் மரமுமாக நிரப்புவது. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் தத் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அவர் திரட்டிய பழைய காந்தாக்கள் இருக்கின்றன. காந்தாவுக்கு அளவுகோல் தையலின் நெருக்கம். நெருக்கமான ஓடுதையல் துணியில் நீர் அலைபோல ஒரு சுருக்கத்தை உண்டாக்கும். சுஜனி அதே தையலை எடுத்துக்கொண்டு ஊர்ச்சேதி சொல்லத் தொடங்கியது. வரதட்சணை, பெண்சிசு, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வரும். சேதி நல்லதுதான், வடிவம் சில நேரம் சுவரொட்டி ஆகிவிடுகிறது. ரல்லி முழுக்கக் கட்டங்களும் கோணங்களும், மடித்து வெட்டிய பூக்களும்.

எனக்கு மிகவும் பிடித்தது கர்நாடகத்தின் சித்தி மக்கள் தைக்கும் கவுதி. எல்லாப்புரா, ஹளியாளப் பக்கத்துக் காடோரங்களில் வாழும் இவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். நடுவில் போய் முடியும். அட்டை வெட்டி அளப்பதில்லை, முன்கூட்டிப் படம் போடுவதில்லை. ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும். கடைசியில் நான்கு மூலைகளிலும் துணியை மடித்து மடித்து ஒரு பூ. அந்தப் பூ இல்லாத போர்வை ஆடையில்லாததுபோல என்பது அவர்கள் கணக்கு. இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறவர்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள். நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்த்து வெளியே வருவது அவர்களுடைய பேர்பெற்ற வடிவங்களில் ஒன்று. துணி, வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அவை சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலையிலும் வந்தன. கோடு கோணலாகத்தான் போகிறது. கோணல் கைத்தவறா, கைவாகா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தைப் பழகிக்கொள்வதுதான் கண்பயிற்சி.

நம்மூரில் அந்தக் கைவாகைப் பார்க்கக் காத்திருக்கத் தேவையில்லை. பூம்பூம் மாட்டுக்காரர் தெருவில் வரும்போது மாட்டின் முதுகைப் பாருங்கள். ரவிக்கைத்துணி, வேட்டிக்கரை, பூப்போட்ட பாவாடை எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை அது. நம் ஒட்டுப்போர்வை மனிதனுக்குக் கிடைக்காமல் மாட்டுக்குக் கிடைத்தது என்று சொல்லலாம். அதையும் எந்தக் கண்காட்சியும் சுவரில் மாட்டவில்லை.

2019இல் சென்னையில் இந்தியக் குவில்ட் விழா நடந்தது. பொழுதுபோக்காகத் தைப்பவர்களின் எண்ணிக்கை கூடி வருவது கண்கூடு. தையல் சுத்தம், மூலைக்கு மூலை பொருத்தம், கால் அங்குல மூட்டு, எல்லாம் படித்துக்கொண்டுவிடுகிறார்கள். வடிவம் என்று வரும்போதுதான் மேப்பிள் இலையும் பனிநட்சத்திரமும் வருகின்றன. செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் உட்கார்ந்துகொண்டு பனிநட்சத்திரம் தைப்பதற்குத் தடையில்லை, தேவையும் இல்லை.

முதலில் வாசலைப் பாருங்கள். கோலத்தைக் குவில்ட்டில் இறக்குகிறவர்கள் பெரும்பாலும் சிக்குக் கோலத்தை எடுத்துத் துண்டுகளாக வெட்ட முயன்று தவிக்கிறார்கள். வளைந்து வளைந்து போகிற கம்பியைத் துண்டு சேர்த்து வரவைப்பது தலைவேதனை. துண்டு சேர்க்க ஏற்றது நேர்ப்புள்ளியில் கட்டம் கட்டமாக அடைத்து வண்ணம் நிரப்பும் கோலம். ஒவ்வொரு அடைப்பும் ஒரு துண்டு. சிக்குக் கோலத்தின் இடம் மேலே, மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கிற ஓடுதையலில். காரணம் எளிது. தையல் ஒவ்வொரு முறை அறுபடும்போதும் நூலை முடிந்து, முடிச்சை உள்ளே இழுத்து மறைக்க வேண்டும். ஒரே இழையாகப் புள்ளிகளைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற கோலத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கோலத்துக்குள் ஒழுங்கான இலக்கணம் ஒளிந்திருக்கிறது என்று 1970களிலேயே தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்த ஆய்வாளர்களும் கணினியியல் வழியாகக் காட்டிவிட்டார்கள். ஊசி பிடிக்கிறவர்களுக்கும் அந்த இலக்கணம் பயன்படும்.

அடுத்தது செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைத் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி ஏறியது. தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளில் மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அதற்காக மலையும் மதிலும் கொடியும் சேர்த்துப் படமாகத் தைத்துவிடாதீர்கள். அது காலண்டர் ஆகிவிடும். கட்டுமானத்தை எடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலில் முற்றத்தைச் சுற்றி அறைவரிசை, நடுவில் அடுக்கடுக்காகக் குறுகி எழும் கோபுரம். ராஜகிரி மலையிலிருந்து கீழே பார்த்தால் சதுரத்துக்குள் சதுரம். ஜீஸ் பெண்ட் பெண்களின் வடிவம் நம் மகாலில் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

கோட்டையோடு நின்றுவிட வேண்டாம். செஞ்சிப் பக்கத்துத் திருநாதர் குன்றில் ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக. எல்லாரும் ஒரே இருக்கையில், ஒரே நிலையில். ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப வைத்தும் சலிப்புத் தட்டாமல் இருக்க இடைவெளி எவ்வளவு வேண்டும் என்பதை அந்தப் பாறையில் கற்கலாம். பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துப் பார்வதி ஓவியம் இருக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் இடுப்புக்குக் கீழே உள்ள ஆடையைப் பாருங்கள். ஏறக்குறைய 1,300 ஆண்டுக்கு முந்திய துணி வடிவம் அங்கே கிடைக்கிறது.

துணிக்குப் பஞ்சமில்லை. தையற்கடை வெட்டுத்துண்டும் கட்பீஸும் எங்கும் கிடைக்கும். பருத்தியோடு பருத்தியைச் சேருங்கள்; சிவப்பைத் தனியாக நனைத்து, சாயம் நின்றபிறகு வெட்டுங்கள். நம் ஊருக்கு நடுவில் பஞ்சு வேண்டாம், பழைய மல்வேட்டி போதும். முடித்த போர்வையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பிறகு துவைத்துப் பாருங்கள். இரண்டிலும் நின்றால்தான் அது போர்வை. சுவரில் மட்டும் நிற்பது அலங்காரம்.

திருவிழாக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். தேருக்கு உபயம் செய்தவர் பெயரை விழா மலரில் அச்சிடுகிறீர்கள், பூ அலங்காரம், மின் அலங்காரம் செய்தவர் பெயரையும் போடுகிறீர்கள். அடுத்த மாசி மலரில் தொம்பை தைத்தவர் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். வாங்கும்போது பசை ஒட்டியதை ஒதுக்கிவிட்டுத் தைத்ததைக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், கொடுங்கள்.