டிக்கெட்டில் தொடங்கிய நாடுகடத்தல்

டொம் மெக்கார்த்தியின் 'த விசிட்டர்' (2007) படத்தில் சிரிய இளைஞன் தாரிக், நியூயோர்க் சுரங்க ரயில் நிலையத்தில் பிடிபடுகிறான். காசு கட்டித்தான் வந்தவன். கையிலிருந்த மேளம் நுழைவுத் தடையில் சிக்கிவிட, தாண்டி வந்தான். அவ்வளவுதான். டிக்கெட் குற்றமென்று பிடித்த நகரப் பொலிஸிடமிருந்து குடிவரவுத் தடுப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறான். குடிவரவுச் சட்டம் எல்லையில் மட்டும் நிற்பதில்லை, தெருப் பொலிஸ்காரரின் கையிலும் இருக்கிறது என்பதை அந்தக் காட்சி சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது.

குறை எங்கே என்று கேட்டால், தாரிக் நாடுகடத்தப்படுவதை நாம் பார்ப்பதேயில்லை. பேராசிரியர் வோல்டரின் கோபத்தைத்தான் பார்க்கிறோம். ரிச்சர்ட் ஜென்கின்ஸ் அருமையாக நடித்திருக்கிறார், மறுப்பதற்கில்லை. ஆனாலும் மகனின் பின்னால் தாய் மௌனா விமானம் ஏறப் போகும்போது மனம் கேட்கிறது: ஒரு வெள்ளைக்காரரின் மனம் விழிக்க எங்கட பிள்ளையொன்று காணாமல்போகத்தான் வேணுமா?