வேலியோரத்து ஏராளம்: அயர்லாந்தின் பிளாக்பெர்ரி குறித்து ஒரு வாசிப்பு

‘பிளாக்பெர்ரி போல ஏராளமாக’ – பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகை எழுத்தில் தேய்ந்த காசு மாதிரிப் புழங்கிய உவமை இது. அயர்லாந்தின் ஆங்கிலப் பத்திரிகைகளும் இதைத் தாராளமாகவே செலவழித்தன. வேட்பாளர்களா, தீர்மானங்களா, சாக்குப்போக்குகளா, எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து இதன் பக்கத்தில் நிறுத்தலாம். பழம் மட்டும் அங்கே இருக்காது. பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைச் சாகக் கொடுத்த ஒரு நாட்டின் அச்சுமொழியில், ‘ஏராளம்’ என்பதற்கு அடையாளமாகத் தின்கிற பொருள் ஒன்று எப்படி நின்றது, அது யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது என்பதை வெறும் நடையியல் சமாச்சாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் பழம். கறுப்பாக இருக்கிறதே என்று ‘நாவற்பழம்’ என மொழிபெயர்த்தால் காரியம் கெட்டது. நாவல் மரம், நிழல் தரும், ஊருக்குப் பெயராகும். இது முள்கொடி. வேலியிலும் பாதையோரத்திலும் உழவு போகாத மூலையிலும் தானாகப் படர்வது. (செல்போன் கம்பெனி ஒன்று இந்தப் பெயரை எடுத்துக்கொண்டதில் பழம் இன்னும் கொஞ்சம் மறைந்தது. அந்தப் பழைய போன்களுக்கான சேவையும் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது.) எட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் சட்டநூல் ஒன்று மரஞ்செடிகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. ஓக், ஹேசல், யூ, காட்டு ஆப்பிள் எல்லாம் ‘காட்டின் பிரபுக்கள்’. கடைசி வரிசைக்கு ‘காட்டின் புதர்கள்’ என்று பெயர். முள்கொடி அங்கே, பெரணியோடும் ஹெதரோடும். வெட்டினால் கட்டவேண்டிய தண்டமும் இந்த வரிசைப்படிதான். நான்கு என்றதும் நம்மாட்களுக்குக் கை துறுதுறுக்கும். அவசரம் வேண்டாம், அங்கே மேல்கீழைத் தீர்மானித்தது பெரும்பாலும் பயன் – மரச்சட்டம், கொட்டை, பழம். ஆனாலும் ஏழைக்குக் கைக்கெட்டிய செடி சட்டப் பிரதியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

உவமையின் புகழ்பெற்ற மூலம் ஷேக்ஸ்பியர். ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் பொய் பிடிபட்ட ஃபால்ஸ்டாஃப், காரணங்கள் பிளாக்பெர்ரி போல மலிந்து கிடந்தாலும் வற்புறுத்தலுக்குப் பணிந்து ஒன்றைக்கூடச் சொல்லமாட்டேன் என்று வீம்பு பேசுகிறான். அன்றைய உச்சரிப்பில் ‘காரணம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘உலர்திராட்சை’ என்ற சொல்லும் நெருங்கி ஒலிக்கும். அந்தச் சிலேடையில்தான் பழம் உள்ளே வருகிறது. ‘ட்ராய்லஸும் கிரெஸ்ஸிடாவும்’ நாடகத்தில் இதே பழம் ‘ஒன்றுக்கும் பெறாதது’ என்பதற்கு அளவுகோல். ஆக இரண்டு அர்த்தம்: நிறைய இருக்கிறது, ஆகவே மதிப்பில்லை. பத்திரிகைக்காரர்கள் ஃபால்ஸ்டாஃபின் கோழைத்தனத்தையும் நகைச்சுவையையும் கழற்றிப்போட்டுவிட்டு இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கணக்கு சரிதானா? பஞ்சத்துக்கு முன்பு கூலிவேலை செய்யும் ஐரிஷ் ஆண் நாளொன்றுக்கு ஐந்து ஆறு கிலோ உருளைக்கிழங்கு தின்றான். நூறு கிராம் பிளாக்பெர்ரியில் நாற்பது சொச்சம் கலோரி. கிழங்கில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. முள்ளில் கைவிட்டு, ஒவ்வொன்றாகப் பறித்து, அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டும். மறுநாள் பூஞ்சை பிடிக்கும். இதில் ஏராளம் எங்கே? தூரத்திலிருந்து, குதிரைவண்டி ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு வேலி முழுக்கக் கறுப்பாகத் தெரியும். ஏராளம் என்பது பறிக்காதவனின் சொல்.

இதே இலக்கணம் மனிதர்கள்மீது ஏறும்போதுதான் வினையாகிறது. 1817-இல் ரிக்கார்டோவுக்கு எழுதிய கடிதத்தில் மால்தஸ், அயர்லாந்து மக்களில் பெரும்பகுதியை மண்ணிலிருந்து அப்புறப்படுத்தித் தொழில் நகரங்களுக்கு அனுப்பவேண்டும் என்கிறார். ‘உபரி மக்கள்தொகை’ என்பது அந்தக் காலப் பொருளாதாரச் சொல்லாடலில் சாதாரணமாகப் புழங்கிய வார்த்தை. நிறைய இருக்கிறார்கள், ஆகவே மதிப்பில்லை. 1841-இல் 81 லட்சத்துச் சொச்சமாக இருந்த மக்கள் 1851-இல் 65 லட்சத்துச் சொச்சம். உவமை கொன்றது என்று நான் சொல்லவில்லை; உருளைக்கிழங்கைக் கொன்றது பூஞ்சை மாதிரியான ஒரு நுண்ணுயிர், மனிதர்களைக் கொன்றது நிலவுடைமையும் அரசின் கொள்கையும். எண்ணிக்கையைப் பார்த்தவுடன் மதிப்பைக் குறைக்கிற ஒரு மனப்பழக்கம் தலையங்கத்திலும் தத்துவத்திலும் ஒரே மாதிரி வேலை செய்ததைத்தான் சொல்கிறேன்.

இனி எதிர்ப்பக்கம். ஐரிஷ் மொழியில் ‘ஸ்மேர் முல்லீ’ என்றொரு வழக்கு உண்டு. நேர் அர்த்தம்: உச்சியிலுள்ள பழம். ஒரு கூட்டத்தில் ஆகச் சிறந்தவரை, ஒரு குவியலில் முதல்தரமானதை இப்படிச் சொல்வார்கள். முள்கொடியின் கிளைநுனியில் இருக்கும் பழம்தான் முதலில் பழுக்கும். பெரிசாகவும் இனிப்பாகவும் இருக்கும். பின்னால் வருபவை சிறுத்துக்கொண்டே போகும். பறித்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இது. ஒரே பழம். ஆங்கில உவமைக்கு அது எண்ணிலடங்காதது. ஐரிஷ் வழக்குக்கு ஒன்றே ஒன்று. இதை வைத்து ஆதிமொழி புனிதம், ஆட்சிமொழி பாவம் என்று கட்சி கட்டினால் அசட்டுத்தனம். ‘ஸ்மேர் முல்லீ’யும் ஒருவரை உயர்த்திப் பலரைக் கீழே விடுகிற சொல்தானே. ஆனால் அதற்கு முள் குத்திய அனுபவம் இருக்கிறது.

அந்த வழக்குக்கு அச்சில் இடம் கிடைத்ததா? 1841 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 53 சதவீதம் பேருக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஐரிஷுக்கு இடம்கொடுத்த இருமொழி வாரப்பத்திரிகை ‘ஃபாஞ்யா அன் லே’ வருவதற்கு 1898 ஆனது. அதற்கு முன்னால், 1842-இல் தொடங்கிய ‘தி நேஷன்’ போன்ற தேசியப் பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது. யூனியன் எதிர்ப்பு இயக்கத்தின் வாசிப்பறைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். வீட்டில் ஐரிஷ் பேசுகிற ஒருவர், சாயங்காலம் விரலெல்லாம் கறையோடு வந்து உட்கார்ந்து, ‘பிளாக்பெர்ரி போல ஏராளமாக’ என்று தன் விடுதலைப் பத்திரிகையே படிக்கக் கேட்டால் என்ன நினைத்திருப்பார்? ஆவணம் பதில் சொல்லாது. எனக்கு இந்தக் கேள்வியிலிருந்து நகரத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பேச்சுவழக்கு காகிதத்துக்கு வந்தது வேறு வழியில். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகளைக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள். அந்த வழக்காற்றில் நமக்குக் கிடைப்பது பூக்கா: உருமாறித் திரியும் ஒரு குறும்புப் பேய். நவம்பர் முதல் நாளான சௌவின் பண்டிகையோடு பூக்கா பழங்களின்மீது துப்பிவிடும் (சில ஊர்களில் இன்னும் மோசமான காரியம் செய்யும்), அதற்கப்புறம் தின்னக்கூடாது. படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கலாம். உண்மையில் அந்தச் சமயத்தில் பனி விழுந்து பழம் நீர்த்து, பூஞ்சை ஏறி, வயிற்றுக்கு ஆகாமல் போகும். பூக்கா ஒரு நாட்காட்டி. ஏராளம் என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது. பூக்காவுக்குத் தேதி உண்டு.

கருகல் நோய்ச் செய்தி ஐரிஷ் பத்திரிகைகளில் வரத்தொடங்கியது 1845 செப்டம்பரில். வேலியில் பழம் கறுக்கிற மாதமும் அதுதான்.

இங்கேதான் சீமஸ் ஹீனியின் ‘பிளாக்பெர்ரி பறித்தல்’ கவிதையை (1966) வேறு மாதிரி வாசிக்க முடிகிறது. பால்ய இன்பம், பேராசை, இழப்பு என்று வகுப்பறையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கவிதை ஒரே ஒரு பழத்தில் தொடங்குகிறது. மற்றதெல்லாம் இன்னும் சிவப்பும் பச்சையுமாக இருக்கையில் முதலில் பழுத்த ஒன்று. அதாவது ‘ஸ்மேர் முல்லீ’. அந்தச் சொல் கவிதையில் இல்லை, பள்ளியில் ஐரிஷ் படித்த டெரி மாவட்டத்து விவசாயி மகனுக்கு அது தெரிந்திருக்கத் தடையில்லை. பிறகு கேன் கேனாக நிரப்பி மாட்டுக்கொட்டிலில் சேர்க்கும் ஏராளம். பிறகு சாம்பல்நிறப் பூஞ்சை. ஒன்றிலிருந்து ஏராளத்துக்கும் ஏராளத்திலிருந்து அழுகலுக்கும் போகிற இந்த வழியை விமர்சகர்கள் சிறுவனின் மனசுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். பஞ்சத்தை நேராகப் பேசும், 1845-ஐப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் உருளைக்கிழங்குக் கவிதையும் அதே முதல் தொகுப்பில், சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது.