வேலிக்குள் வளர்ந்த பற்றை

மனிதர் திடீரென மறைந்தால் பூமி என்னவாகும் என்பதே அலன் வைஸ்மன் 2007இல் வெளியிட்ட 'தி வேர்ல்ட் விதவுட் அஸ்' நூலின் கேள்வி. சான்றுகளுள் இரண்டு இராணுவம் அடைத்த நிலங்கள்: 1953 முதல் கொக்குகளுக்குப் புகலிடமான கொரிய எல்லை வலயம், 1974இல் மூடப்பட்டு, தெருக்களைச் செடிகள் பிளந்த சைப்பிரஸின் வரோஷா.

அவதானிப்பு சரியானதே, அவற்றின் வரலாற்றையும் அவர் மறைக்கவில்லை. எனினும் அங்கே மனிதர் மறையவில்லை. சிலர் துரத்தப்பட்டனர், சிலர் துவக்குடன் நிற்கின்றனர். நூலின் கற்பனை இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

1990இல் மக்கள் வெளியேறிய வலிகாமம் வடக்கை எண்ணிப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் அங்கே உயிர்வேலிகள்; வேலியில் வெட்டிய குழை தோட்டத்துக்குப் பசளை. அச்செம்மண்ணின் இயற்கை மனித உழைப்போடு சேர்ந்தது. பலாலியைச் சூழ்ந்த முட்கம்பி அவ்வுறவையே அறுத்தது. பின்னர் விடுவிக்கப்பட்ட காணிகளில் பற்றை மண்டிக் கிடந்தது. அதைக் கானகத்தின் மீள்வருகை எனலாமா?

இக்கேள்வி அஜக்ஸில் வாழும் எமக்கும் உரியது. பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர்தாங்கிய இந்நகரும், 1941இல் எறிகணைத் தொழிற்சாலைக்காகக் கையகப்படுத்திய விவசாய நிலத்திலேயே எழுந்தது. பறவைகளைக் கணக்கெடுப்பது நல்லதே. காணி உறுதி யாரிடம் உள்ளது என்பதும் அக்கணக்கில் சேரவேண்டும்.